ஒவ்வொரு ஃபோட்டானையும் எழுதி வைத்த கருவி: ஆஸ்ட்ரோசாட்டின் சி.இசட்.டி. இமேஜர், ஒரு நிகழ்வு ஆய்வு

2015 அக்டோபர் 6. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட் இந்தியாவின் விண்வெளி ஆய்வகமான ஆஸ்ட்ரோசாட்டைச் சுமந்து சென்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. செயற்கைக்கோளின் ஐந்து அறிவியல் கருவிகளில் ஒன்றான காட்மியம் துத்தநாக டெல்லுரைடு இமேஜரை, அதாவது சி.இசட்.டி.ஐ.யை, அன்றுதான் உயிர்ப்பித்தார்கள். அன்றைக்கே அதன் தரவில் ஒரு காமாக் கதிர் வெடிப்பு, அதாவது தொலைதூர விண்ணிலிருந்து சிறிது நேரமே பாயும் உயர் ஆற்றல் கதிர் வீச்சு, வந்து விழுந்தது. வானியலாளர்கள் அதற்கு இட்ட பெயர் ஜி.ஆர்.பி. 151006ஏ.

நல்ல தொடக்கம்தான். ஆனால் இதில் வேடிக்கையான விஷயம் ஒன்று உண்டு. அந்த வெடிப்பு நடந்த இடம், கருவி நோக்கியிருந்த திசையிலிருந்து சுமார் 60 டிகிரி விலகியிருந்தது. கருவியின் பார்வைப் புலமோ 5 டிகிரிக்கும் குறைவு. கணக்குப்படி அது கண்ணில் பட்டிருக்கவே கூடாது.

அடுத்து வந்த ஆண்டுகளில் சி.இசட்.டி.ஐ.க்குக் கிடைத்த பெயரில் பெரும்பகுதி இப்படிப் பார்த்திருக்கக் கூடாதவற்றைப் பார்த்ததால் வந்தது. அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. என் கணிப்பில், வடிவமைப்பின்போது எடுத்த ஒரு முடிவுதான் இதற்கு அடிப்படை. உணரியில் படும் ஒவ்வொரு ஃபோட்டானையும், அதாவது ஒளித்துகளையும், தனித்தனி வரியாக எழுதி, எதையும் மேலேயே கூட்டிக் கழித்து அழித்துவிடாமல் பூமிக்கு அனுப்ப வேண்டும் என்பதே அந்த முடிவு. அது எப்படிப் பலன் தந்தது, எங்கே தரவில்லை என்று பார்ப்போம்.

ஏன் இந்தப் படிகம்

வன் எக்ஸ் கதிர் என்றால் தோராயமாக 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் கொண்டது. இந்த ஆற்றல் அலகைச் சுருக்கமாக கே.இ.வி. என்று வைத்துக்கொள்வோம். கேமராக்களில் இருக்கும் சிலிக்கான் இங்கே அதிகம் உதவாது. அதன் அணு எண் 14. 20, 30 கே.இ.வி.யைத் தாண்டினால் கதிர் அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். ஜெர்மானியம் அருமையான பொருள், ஆனால் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர வைக்க வேண்டும். விண்ணில் அது பெரும் செலவு, பெரும் எடை. ஒளிர்படிகமும் ஒளிப்பெருக்கிக் குழாயும் சேர்ந்த பழைய முறை வேலை செய்யும். ஆற்றலைத் துல்லியமாகச் சொல்லாது.

காட்மியத்தின் அணு எண் 48, டெல்லூரியத்தின் அணு எண் 52. எக்ஸ் கதிரை விழுங்கும் திறன் அணு எண்ணோடு ஏறக்குறைய நான்காம் அடுக்கில் உயர்வதால், சில மில்லிமீட்டர் கனமே போதும். துத்தநாகத்தைச் சிறிதளவு சேர்த்தால் ஆற்றல் இடைவெளி, அதாவது பிணைந்திருக்கும் எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 1.6 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டுகிறது. சிலிக்கானுக்கு இது 1.12, ஜெர்மானியத்துக்கு 0.67. இடைவெளி கூடக் கூட, வெப்பத்தால் தானாகக் கசியும் மின்னோட்டம் குறையும். அதனால் இந்தப் படிகத்தைச் சாதாரண அறை வெப்பநிலையில்கூட இயக்கலாம்.

இதன் பலவீனமும் தெரிந்ததே. படிகத்தில் ஓர் எலக்ட்ரான்-துளை இணையை (துளை என்பது எலக்ட்ரான் விலகிய காலியிடம்) உண்டாக்க சுமார் 4.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆக, 60 கே.இ.வி. ஃபோட்டான் ஒன்று ஏறக்குறைய 13,000 எலக்ட்ரான்களை விடுவிக்கும். எலக்ட்ரான்கள் சீக்கிரமே நேர்முனைக்கு ஓடிவிடும். துளைகளோ மந்தமாக நகர்ந்து, போகிற வழியிலேயே படிகக் குறைகளில் சிக்கிக்கொள்ளும். ஃபோட்டான் எவ்வளவு ஆழத்தில் விழுங்கப்பட்டது என்பதைப் பொறுத்து, அளந்த ஆற்றல் உண்மையைவிடக் குறைந்து காட்டும். நிறமாலையில் ஒவ்வொரு கூம்புக்கும் இடப்பக்கம் ஒரு வால் முளைக்கும். இந்தப் படிகத்தோடு வேலை செய்பவர்களின் நாளில் பாதி அந்த வாலோடு மல்லுக்கட்டுவதில்தான் போகிறது.

கருவி

சி.இசட்.டி.ஐ.யின் தலைமைப் பொறுப்பு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஏ. ஆர். ராவிடம் இருந்தது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், புனேவின் வானியல் ஆய்வு மையமான ஐயூகா உள்ளிட்ட பல நிறுவனங்கள் பங்கெடுத்தன. கருவியின் தரவு மையம் ஐயூகாவில் இருக்கிறது.

படிகங்களை இஸ்ரேலின் ஆர்போடெக் மெடிக்கல் சொல்யூஷன்ஸிடம் வாங்கினார்கள். பெயரே சொல்லிவிடும், இவை மருத்துவமனை ஸ்கேன் கேமராக்களுக்காகச் செய்யப்பட்ட வகை. ஒரு தொகுதி சுமார் 4 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கனம். அதில் 16-க்கு 16 என 256 பிக்சல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.5 மி.மீ. மொத்தம் 64 தொகுதிகள், நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டவை. ஆக 16,384 பிக்சல்கள், 976 சதுர செ.மீ. பரப்பு. ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோளில் பறந்த காட்மியம் டெல்லுரைடு கேமராவிலும் பிக்சல்கள் சரியாக இதே 16,384. இரண்டின் அடுக்கத்தில் வந்து கூடிய தற்செயல்தான். ஆனால் அங்கே கனம் 2 மி.மீ., இங்கே 5. இந்த 3 மி.மீ. வித்தியாசம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

இந்தியக் குழுக்களுக்கு இந்தப் படிகம் புதிதல்ல. 2008-இல் சந்திரயான்-1 எடுத்துச் சென்ற வன் எக்ஸ் கதிர் நிறமாலைமானியில் இதே மாதிரித் தொகுதிகள் ஒன்பது இருந்தன. 2009 ஜனவரியில் ரஷ்யாவின் கொரோனாஸ்-ஃபோட்டான் செயற்கைக்கோளில் பறந்த ஆர்.டி.-2 கருவியிலும் இவை இடம்பெற்றன. இவற்றைக் கையாள்வதில் உள்ள சங்கடங்களை அங்கேயே பார்த்துவிட்டார்கள்.

படம் எடுக்கும் முறைக்கு வருவோம். இந்த ஆற்றலில் லென்ஸ் கிடையாது. அமெரிக்காவின் நூஸ்டார் எக்ஸ் கதிர் தொலைநோக்கியைப் போல நீண்ட குவியத்தூரமும் பல அடுக்குப் பூச்சுக் கண்ணாடிகளும் வைக்கலாம். அதுகூட 79 கே.இ.வி. வரைதான். சி.இசட்.டி.ஐ.யில் உணரிக்கு மேலே அரை மில்லிமீட்டர் டாண்டலம் தகடு ஒன்றை, கணக்குப் போட்டு ஓட்டையிட்டு வைத்தார்கள். கீற்றுக் கொட்டகையின் இடுக்குகள் வழியே தரையில் விழும் வெயில் பொட்டுகளைப் பார்த்தே சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே சூத்திரம்தான். உணரியில் விழும் நிழலின் நகர்வை வைத்து விண்மீனின் திசை கணக்கிடப்படும்.

இந்த ஏற்பாடு 100 கே.இ.வி. வரை நன்றாக நடக்கும். அதற்கு மேலே டாண்டலத் தகடு படிப்படியாகத் தோற்கத் தொடங்கும், 200 கே.இ.வி.யில் ஏறக்குறைய பாதிக் கதிரைத்தான் தடுக்கும். பக்கச் சுவர்கள் அதைவிட மெல்லியவை. அக்டோபர் 6-இன் புதிருக்கு விடை இதுதான்: உயர் ஆற்றலில் பெட்டியே கண்ணாடிப் பெட்டி மாதிரி ஆகிவிட்டதால், கதிர் பக்கவாட்டில் உள்ளே வந்துவிட்டது. கதிர்த் தடுப்பு போதவில்லை என்று இதைக் குறையாகவும் எழுதலாம். வானத்தின் பெரும்பகுதியைக் காவல் காக்கும் கருவி இலவசமாகக் கிடைத்தது என்றும் எழுதலாம்.

ஒரு வரியில் என்ன இருக்கிறது

ஃபோட்டான் ஒன்று படிகத்தில் பட்டால் கருவி எழுதுவது இவ்வளவுதான்: 20 மைக்ரோ விநாடி துல்லியத்தில் நேரம், எந்தத் தொகுதி, எந்தப் பிக்சல், எவ்வளவு ஆற்றல், அப்புறம் இரண்டு அடையாளக் குறிகள்.

முதல் குறி, கீழே இருக்கும் சீசியம் அயோடைடு படிகத்திலும் அதே நேரத்தில் ஏதாவது பதிவானதா என்பது. பதிவாகியிருந்தால் அது ஊடுருவிப் போன அண்டக் கதிர்த் துகளாக இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது குறி எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒவ்வொரு கால்பகுதியிலும் துளியளவு அமெரிசியம்-241 வைத்திருக்கிறார்கள். அது சிதையும்போது ஓர் ஆல்பா துகளும், பல சமயம் கூடவே 59.54 கே.இ.வி. ஃபோட்டான் ஒன்றும் வெளிவரும். அமெரிசியத்தை ஒரு சிறு சீசியம் அயோடைடு படிகத்துக்குள் பொதித்துவிட்டதால், ஆல்பா அங்கேயே நின்று ஒளிரும். ஓர் ஒளிடையோடு அந்த ஒளியைக் கண்டு குறி போடும். அதே கணத்தில் முதன்மைப் படிகத்தில் பதிவான ஃபோட்டான் விண்மீனிலிருந்து வந்ததல்ல, இந்தத் துளியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். கருவி வானத்தைப் பார்த்துக்கொண்டே, வேலையை நிறுத்தாமல், தன் ஆற்றல் அளவுகோலையும் சரிபார்த்துக்கொள்ளும். தனியாக அளவுத்திருத்த நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

மேலே போன பின் வந்த சிக்கல்கள்

650 கி.மீ. உயரம், நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி சாய்வு. மின்னேற்றத் துகள்கள் மொய்க்கும் தென் அட்லாண்டிக் பகுதியின் நடுவில் போகாமல் அதன் ஓரத்தைத் தொட்டுச் செல்லும் நல்ல பாதை. ஆனாலும் பின்னணி இரைச்சல் தரையில் போட்ட கணக்குப்படி நடந்துகொள்ளவில்லை.

முதல் சிக்கல் கொத்துக்கொத்தாக வந்த பதிவுகள். உயர் ஆற்றல் அண்டக் கதிர் ஒன்று செயற்கைக்கோளின் உடலில் மோதினால், அங்கிருந்து துகள் மழை தெறிக்கும். அது உணரியில் விழுந்து, சில பத்து மைக்ரோ விநாடிகளுக்குள் பல பிக்சல்களில் ஒரே நேரத்தில் பதிவாகும். சராசரி எண்ணிக்கையை மட்டும் அனுப்பும் கருவியாக இருந்திருந்தால், இந்த இரைச்சல் உண்மையான சமிக்ஞையோடு பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் இருந்ததால், அடுத்தடுத்து மூன்றோ அதற்கு மேலோ நெருங்கி வந்தால் அது கொத்து என்று அடையாளம் கண்டு வெட்டி எறிய முடிந்தது. பிறகு செயற்கைக்கோளில் ஓடும் மென்பொருளையே மாற்றி, கொத்துகளை அங்கேயே குறைத்தார்கள்.

ஏன் மூன்று? ஏன் இரண்டு இல்லை? இரட்டைப் பதிவுகளைத் தூக்கி எறிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அதற்கு வருகிறேன்.

இரண்டாவது சிக்கல் பிக்சல்களின் குணம். சுமார் 20 சதவீதப் பிக்சல்களின் பெருக்க அளவு, தரையில் அளந்ததைவிடக் குறைந்துபோயிருந்தது. அதே ஃபோட்டான் விழுந்தாலும் இந்தப் பிக்சல்கள் சிறிய எண்ணைச் சொல்லும். ஆரம்பத்தில் இவற்றை ஆய்விலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். வேறென்ன செய்வது? ஐந்தில் ஒரு பங்கு போனது போனதுதான் என்ற நிலை.

சில ஆண்டுகள் கழித்து இதே பிக்சல்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருக்கம் குறைவு என்றால், மின்னணுச் சுற்று உச்சத்தைத் தொட்டு நிரம்பிவிடும் எல்லையும் தள்ளிப்போகிறது என்று பொருள். சாதாரணப் பிக்சல் அளக்க முடியாத உயர் ஆற்றலை இவை அளக்கும். 2021-இல் தன்மய் சட்டோபாத்யாய் குழுவினர் இவற்றையும் சேர்த்து, காமாக் கதிர் வெடிப்புகளின் நிறமாலையைப் பல நூறு கே.இ.வி. வரை நீட்டிக் காட்டினார்கள். ஒதுக்கிய பிக்சல்களின் பதிவுகளும் அத்தனை ஆண்டுகளாக வரி வரியாகப் பூமிக்கு வந்துகொண்டே இருந்ததால்தான் இது முடிந்தது.

இரட்டைப் பதிவுகள்

100 கே.இ.வி.க்கு மேலே 5 மி.மீ. படிகத்துக்குள் இன்னொன்றும் நடக்கும். ஃபோட்டான் முழுதாக விழுங்கப்படாமல், ஓர் எலக்ட்ரானில் மோதிச் சிறிது ஆற்றலை இழந்து, திசை மாறிப் பக்கத்துப் பிக்சலில் போய் விழும். இதுதான் காம்ப்டன் சிதறல். உதாரணமாக, 200 கே.இ.வி. ஃபோட்டான் செங்கோணத்தில் திரும்பினால் முதல் பிக்சலில் 56, அடுத்ததில் 144 கே.இ.வி. பதிவாகும். 40 மைக்ரோ விநாடிக்குள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் இப்படி ஒரு ஜோடி வந்தால், அது ஒரே ஃபோட்டான் என்று எடுத்துக்கொள்ளலாம். எது முதல் மோதல் என்பதையும் ஆற்றலே சொல்லும்: சிறியது முதலாவது. சுமார் 255 கே.இ.வி. வரை இந்த விதி தப்பாது.

2.5 மி.மீ. பிக்சலும் 5 மி.மீ. கனமும் இதற்குப் பொருந்திவந்தன. பிக்சல் இதைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு மோதலும் ஒன்றுக்குள்ளேயே முடிந்துவிடும். கனம் 2 மி.மீ. என்றால் சிதறிய ஃபோட்டான்களில் நிறைய வெளியே ஓடிவிடும்.

சரி, ஜோடியைக் கண்டுபிடித்து என்ன லாபம்? கதிருக்குத் தளவிளைவு இருந்தால், அதாவது அதன் மின்புலம் ஒரே தளத்தில் அதிர்ந்தால், சிதறல் அந்தத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் அதிகமாக நடக்கும். ஒரு பிக்சலைச் சுற்றி எட்டு அண்டைப் பிக்சல்கள். எட்டுத் திசைக்கும் எத்தனை ஜோடிகள் என்று எண்ணினால் போதும். ஏற்ற இறக்கத்தின் அளவு தளவிளைவின் விகிதத்தையும், அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது தளத்தின் திசையையும் தரும்.

எழுதும்போது எளிது. ஆனால் சதுரப் பிக்சலில் பக்கம் ஒட்டியிருக்கும் அண்டையும் மூலை ஒட்டியிருக்கும் அண்டையும் ஒன்றல்ல. தளவிளைவே இல்லாத கதிரிலும் எட்டு எண்ணிக்கைகள் சமமாக வராது. கணினிப் பாவனையில் தளவிளைவற்ற கதிரைச் செலுத்தி, கிடைத்த எண்களால் வகுத்துத்தான் உண்மையை எடுக்க வேண்டும். அகமதாபாத் குழு இதை ஏவுதலுக்கு முன்பே தரையில் சோதித்து 2015-இல் வெளியிட்டிருந்தது. இந்தப் பயன்பாடு முற்றிலும் தற்செயல் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அறிவிக்கப்பட்ட முதன்மைப் பணி வேறு என்றாலும், வாய்ப்பு இருக்கிறது என்று சிலருக்குத் தெரிந்திருந்தது. அதற்கான கதவை அவர்கள் மூடவிடவில்லை.

நண்டு நெபுலா

1054-இல் சீன வானியலாளர்கள் பதிவு செய்த விண்மீன் வெடிப்பின் எச்சம் நண்டு நெபுலா, ஏறக்குறைய 6,500 ஒளியாண்டு தொலைவு. அதன் நடுவில் விநாடிக்கு 30 முறை சுழலும் துடிவிண்மீன், அதாவது சுழலும்போது கதிரைத் துடிப்புகளாக வீசும் நியூட்ரான் விண்மீன். ஆஸ்ட்ரோசாட் 18 மாதங்களில் 21 தடவையாக, மொத்தம் சுமார் 8 லட்சம் விநாடி இதை நோக்கியது. சந்தோஷ் வடவாலே தலைமையிலான குழுவின் முடிவு 2017 நவம்பரில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்தது. 100 முதல் 380 கே.இ.வி. வரை தளவிளைவு 32.7 சதவீதம், பிழை அளவு 5.8. கோணம் 143.5 டிகிரி, பிழை 2.8.

இதில் மிகுந்த பாடுபட்ட இடம் பின்னணியைக் கழிப்பது. 100 கே.இ.வி.க்கு மேல் கருவியின் சுவர் ஊடுருவக்கூடியது என்று பார்த்தோம். அப்படியானால் பின்னணிக்காக 'வெறும் வானம்' பார்க்கும்போதும் நண்டு நெபுலாவும், எக்ஸ் கதிரில் பிரகாசமான சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளையும் பக்கவாட்டில் கசிந்துவிடும். இரண்டுமே கருவியின் பார்வைக்கு எட்டாத திசையாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காமாக் கதிர் வெடிப்புகளை வாரிக் கொடுத்த அதே ஓட்டைச் சுவர் இங்கே தொல்லை கொடுத்தது.

சராசரி எண் ஒரு பக்கம் இருக்கட்டும். துடிவிண்மீனின் ஒரு சுழற்சி சுமார் 33.7 மில்லி விநாடி. ஒவ்வொரு ஜோடிக்கும் 20 மைக்ரோ விநாடி துல்லியத்தில் நேரம் இருந்ததால், சுழற்சியின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு தளவிளைவு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. துடிப்பு அடங்கியிருக்கும் இடைவேளையில், நெபுலாவின் ஒளி மட்டுமே வர வேண்டும் என்று கருதப்பட்ட நேரத்தில், தளவிளைவு மாறிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. நெபுலா மில்லி விநாடிக்குள் மாறாது. அது ஒளியாண்டுக் கணக்கில் விரிந்தது. ஆகவே துடிவிண்மீன் தன் 'ஓய்வு' நேரத்திலும் கதிர் வீசுகிறது என்று ஆகிறது. அப்போதிருந்த எந்த மாதிரியும் இதை நேராக விளக்கவில்லை.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. மொத்தத் தரவையும் கட்டம் கட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் ஜோடிகள் குறைந்து, பிழை அளவு பெருகும். 32.7 என்ற சராசரி மீது எனக்குள்ள நம்பிக்கை இடைவேளையின் ஏற்ற இறக்கத்தின் மீது அதே அளவு இல்லை. 976 சதுர செ.மீ. என்பது இந்த வேலைக்குச் சின்னப் பரப்பு.

வெடிப்புகளும் ஒரு தவறான சொந்தமும்

காமாக் கதிர் வெடிப்புகளின் கணக்கு இன்று 600-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் வெடிப்பு எந்தத் திசையில் என்று சி.இசட்.டி.ஐ. தானே சொல்லாது. கதிர் தகடு வழியாக வராமல் பக்கத்தில் நுழைந்ததால் நிழல் உருவாவதில்லை. வேறு செயற்கைக்கோள்கள் திசையைச் சொன்ன பிறகு, ஆஸ்ட்ரோசாட்டின் முழு உடலையும், தொட்டி முதல் பலகை வரை, கணினியில் மாதிரியாக்கி, அந்தத் திசையில் வரும் கதிர் வழியில் எதையெல்லாம் கடந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். வெறுப்பேற்றும் வேலை, ஆனால் செய்தார்கள்.

பிரகாசமான வெடிப்புகளின் தளவிளைவை அளந்ததில், முதல் ஐந்தாண்டில் தேர்ந்தெடுத்த 20-இல் பெரும்பாலானவை மொத்தமாகப் பார்த்தால் குறைந்த தளவிளைவையே காட்டின. ஆனால் 2016 ஆகஸ்ட்டில் வந்த ஜி.ஆர்.பி. 160821ஏ போன்ற ஒன்றில், வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தளத்தின் கோணம் திரும்பியது தெரிந்தது. நேரம் எழுதப்பட்டதன் பயன் மறுபடியும்.

2017 ஜனவரி 4-இல் அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோ, இரண்டு கருந்துளைகள் மோதியதில் எழுந்த ஓர் ஈர்ப்பலையைப் பிடித்தது. தேடுதலில் அட்லஸ் தொலைநோக்கி, மங்கிக்கொண்டே போகும் ஓர் ஒளிப்பொருளை அதே வானப்பகுதியில் கண்டது. இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசை யாருக்கும் வரும். மோதிய கருந்துளைகள் ஒளி வீசின என்றால் அது பெரிய செய்தி. வருண் பாலேராவ் முதலானோர் சி.இசட்.டி.ஐ. தரவைப் புரட்டினார்கள். ஈர்ப்பலை வந்த நேரத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு காமாக் கதிர் வெடிப்பு பதிவாகியிருந்தது, ஒளி மங்கிய வேகம் அதற்குத்தான் பொருந்தியது. முடிச்சு அவிழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17-இல் நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது உலகமே பார்த்தது, சி.இசட்.டி.ஐ.க்கும் அந்த இடத்துக்கும் நடுவே பூமி குறுக்கே நின்றுவிட்டது. சில நாள் அப்படி.

கணக்குப் பார்த்தால்

பெயரளவில் சி.இசட்.டி.ஐ. ஒரு படமெடுக்கும் கருவி. அந்தப் பணியில் அது பிரகாசமான மூலங்களுக்கு மட்டும் பயன்பட்டது. 20 முதல் 79 கே.இ.வி. வரையிலான மங்கலான மூலங்களில் நூஸ்டாரோடு போட்டியிட வழியில்லை. கண்ணாடியால் குவித்துச் சிறிய உணரியில் விழச் செய்வது பின்னணியை அடியோடு குறைத்துவிடுகிறது. டாண்டலத் தகட்டுக்காகச் செலவான எடைக்கும் உழைப்புக்கும் ஏற்ற அறிவியல் வந்ததா என்று கேட்டால், என் பதில் 'அரைகுறை' என்பதுதான். பெரிய முடிவுகள் எல்லாம் தகடு வேலை செய்யாத ஆற்றலிலிருந்து வந்தவை.

இதை அந்தக் குழுக்களே உணர்ந்திருக்க வேண்டும். பாம்பே ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து, டாட்டா நிறுவனமும் அகமதாபாத் ஆய்வுக்கூடமும் ஐயூகாவும் சேர்ந்து முன்வைத்திருக்கும் தக்ஷா திட்டத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் உண்டு. நடுத்தர ஆற்றலுக்கு இதே காட்மியம் துத்தநாக டெல்லுரைடு தொகுதிகள்தான். தகடு கிடையாது. உணரிகளை அரைக்கோளமாகப் பல திசை பார்க்க அடுக்கி, எந்த முகத்தில் எத்தனை ஃபோட்டான் விழுந்தது என்ற வித்தியாசத்தை வைத்தே திசையைச் சொல்லப் போகிறார்கள்.